அம்மாவின் சங்கிலி பீரோவிலேயே இருக்கட்டும்

பாபநாசம் வட்டத்திலிருந்து 24 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது.

கும்பகோணத்தில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது ஊருக்குப் பக்கத்தில் ஓர் இ-சேவை மையத்தில் மாதம் 7,500 ரூபாய்க்கு வேலை பார்க்கிறார். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் சொந்தம், இரண்டு ஏக்கர் குத்தகை. தஞ்சாவூரில் ஒரு பயிற்சி மையம், ஆறு மாதத்தில் சி.சி.என்.ஏ. (நெட்வொர்க்), எம்.சி.எஸ்.இ. (மைக்ரோசாஃப்ட்), ஆர்.எச்.சி.இ. (லினக்ஸ்), கிளவுட், எத்திக்கல் ஹேக்கிங் என்று ஐந்து சான்றிதழ் தருவதாகவும், நூறு சதவீதம் வேலை உறுதி என்றும் சொல்லியிருக்கிறது. கட்டணம் 85,000 ரூபாய். அதில் 10,000 முன்பணம் கட்டியாகிவிட்டது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ் மூன்றின் ஒரிஜினலையும் அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. மீதி 75,000-க்கு அம்மாவின் சங்கிலியைக் கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்துவிட்டு, தையில் சம்பா அறுத்து நெல் பணம் வந்ததும் மீட்டுக்கொள்ளலாம் என்பது அப்பாவின் யோசனை. அந்தச் சங்கிலி மகள் கல்யாணத்துக்கு என்று அம்மா நினைக்கிறார். திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன், "ராத்திரி ஷிப்ட் வேலை, பொம்பளைப் பிள்ளைக்குச் சரிப்படாது" என்கிறார்.

"பணத்தைக் கட்டலாமா? இந்த ஐந்து சான்றிதழும் இருந்தால் இன்ஜினியரிங் படித்தவர்களுக்குச் சமமாகிவிடுவேனா? எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது, அது தடையாகுமா? வேண்டாம் என்று முடிவு செய்தால் கட்டிய பத்தாயிரம் போனதுதானா?" இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள தங்கைக்கு,

மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். சங்கிலியை எடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அதோடு இன்னொன்றையும் சொல்கிறேன்: நெட்வொர்க் வேலைக்குப் போக வேண்டும் என்ற உங்கள் ஆசையை விட்டுவிடாதீர்கள். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ரூட்டர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் மையத்தில் எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அது பச்சையாகும்போது மனசுக்குள் ஒரு சந்தோஷம்." அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். இந்தத் தொழிலில் நிலைத்தவர்கள் பலரிடம் நான் கண்டது அந்தச் சந்தோஷத்தைத்தான்.

அந்தச் சிவப்பு விளக்கையே எடுத்துக்கொள்வோம். ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கண்ணாடி இழை வழியாக ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். கம்பி எங்கோ மடங்கியிருக்கலாம், அறுந்திருக்கலாம், இணைப்பு முனை அழுக்காகியிருக்கலாம். பெட்டியைப் பத்து தடவை அணைத்துப் போட்டாலும் அது சரியாகாது. இணைப்பு இருப்பதைக் காட்டும் பான் விளக்கு பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் தளம் திறக்கவில்லை என்றால் கதை வேறு: கணினிக்கு ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் அதன் எண்) கிடைத்ததா, வெளியே போகும் வாசலான கேட்வேக்கு பிங் என்ற சோதனைச் செய்தி போகிறதா, டி.என்.எஸ். பெயரை எண்ணாக மாற்றித் தருகிறதா என்று ஒவ்வொரு படியாகப் பார்க்க வேண்டும். நீங்கள் கைப்பழக்கத்தில் செய்துகொண்டிருப்பதை, ஏன் அப்படி என்று தெரிந்து செய்ய வைப்பதுதான் சி.சி.என்.ஏ. பாடம்.

அந்த நோட்டீஸில் இருப்பது என்ன?

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய நோட்டீஸையும் ரசீதையும் பார்த்தேன். முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். சி.சி.என்.ஏ. சான்றிதழைப் பயிற்சி மையம் கொடுப்பதில்லை, கொடுக்கவும் முடியாது. அது நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம், பியர்சன் வியூ என்ற தேர்வு மையங்கள் வழியாக நடத்தும் பரீட்சை. இப்போதைய பரீட்சையின் எண் 200-301. நேரம் 120 நிமிடம். கட்டணம் 300 டாலர். வரியோடு சேர்த்தால் நம் பணத்தில் முப்பதாயிரத்தைச் சுற்றி வரும். எந்தப் பயிற்சி மையத்திலும் சேராமலே, பட்டம்கூட இல்லாமலே, அதை எழுதலாம். தேர்ச்சி பெற்றால் மூன்று வருடம் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். வேலைக்கு எடுப்பவர்கள் அதை இணையத்திலேயே சரிபார்த்துவிடுவார்கள். மையம் தருவது "இந்த வகுப்பில் படித்தார்" என்ற தாள் மட்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். நேர்காணல் மேசையில் ஒன்றல்ல.

உங்கள் ரசீதின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் "தேர்வுக் கட்டணம் தனி" என்று இருக்கிறது. நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அப்படியென்றால் 85,000 கட்டிய பிறகும் ஒரு சான்றிதழ்கூட உங்கள் கையில் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் மறுபடி பணம் கட்டிப் பரீட்சை எழுத வேண்டும்.

அப்புறம் எம்.சி.எஸ்.இ. மைக்ரோசாஃப்ட் அந்தச் சான்றிதழை 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய படியான எம்.சி.எஸ்.ஏ.வும் அன்றோடு போனது. இன்று யாராலும் புதிதாக எம்.சி.எஸ்.இ. வாங்க முடியாது. அதன் இடத்தில் ஏ.இசட்-104 என்ற, மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூருக்கான அட்மினிஸ்டிரேட்டர் பரீட்சை போன்றவை இருக்கின்றன. நின்றுபோன ஒரு சான்றிதழை இன்னும் நோட்டீஸில் அச்சடிக்கும் இடம், பாடத்திட்டத்தை எப்போது கடைசியாகத் திருத்தியது என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆர்.எச்.சி.இ. விஷயத்தில் சிக்கல் வேறு. அதற்கு முன், லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. பரீட்சையில் தேற வேண்டும். அதில் விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிக்கும் கேள்வியே கிடையாது. உங்கள் முன்னால் லினக்ஸ் கணினியை வைத்துவிடுவார்கள். மூன்று மணி நேரத்துக்குள் பயனர் கணக்கு உருவாக்குவது, வட்டைப் பிரிப்பது, மறந்துபோன ரூட் (நிர்வாகி) கடவுச்சொல்லை மாற்றுவது என்று எல்லாவற்றையும் செய்து காட்ட வேண்டும். 300 மதிப்பெண்ணுக்கு 210 எடுத்தால் தேர்ச்சி. ஆறு மாதத்தில் மற்ற நாலோடு சேர்த்து இதையும் முடிப்பது, பகலில் இன்னொரு வேலையும் பார்க்கும் ஒருவருக்கு நடக்கிற காரியமில்லை.

வேலை உறுதி என்பதைப் பற்றி ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்த வேலை, என்ன சம்பளம், எத்தனை மாதத்துக்குள், கிடைக்காவிட்டால் கட்டணம் திரும்ப வருமா என்று கையெழுத்துப் போட்டு எழுதித் தருவார்களா? நேர்காணலுக்கு அனுப்பி வைப்பதையே வேலை வாங்கிக் கொடுத்த கணக்கில் சேர்க்கிற இடங்கள் உண்டு.

நகைக்கடன் பற்றி அப்பாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். அறுவடை நேரத்தில் நாலு நாள் மழை பிடித்தால் கதிர் சாய்ந்துவிடுகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் தயங்குகிறார்கள். நெல்லைக் கொட்டிவிட்டுக் களத்தில் காவல் கிடக்கிற நாட்களில் வட்டி மட்டும் நிற்காது. விதைக்கும் உரத்துக்கும் அடகு வைக்கும் வீட்டில், இந்தத் தொகைக்காக மேலும் ஒரு சங்கிலி போக வேண்டாம்.

ஐந்து வேண்டாம், ஒன்று

உங்களுக்கு நான் சொல்வது சி.சி.என்.ஏ. ஒன்றை மட்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் கை போகும் பக்கம் அது. பாடத்தின் எடை இப்படி: நெட்வொர்க் அடிப்படை 20 சதவீதம், ஸ்விட்ச், விலேன் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது), வைஃபை சேர்ந்த பகுதி 20, ரூட்டிங் 25, முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி., முகவரி மாற்றும் நேட் போன்ற சேவைகள் 10, பாதுகாப்பு 15, ஆட்டோமேஷன் 10.

ரூட்டிங்கைக் கண்டு பயப்படாதீர்கள். கல்லணையில் வரும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். எந்த மதகைத் திறந்தால் எந்த ஊருக்குப் போகும் என்ற கணக்கு ஒவ்வொரு தலைமதகிலும் இருக்கிறது. ரூட்டரும் வந்த தரவுப் பொட்டலத்தின் முகவரியைப் பார்த்து, தன் அட்டவணைப்படி எந்த வாசலில் விடுவது என்று முடிவு செய்கிறது. எல்லோரும் தடுக்கி விழும், நெட்வொர்க்கைத் துண்டுகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கும் நிலம் பிரிக்கிற கணக்குதான். ஒரு வேலிக்கு 20 மா, ஒரு மாவுக்கு 100 குழி என்று உங்கள் தாத்தா மனக்கணக்காகச் சொல்லியிருப்பார். இங்கே 256 முகவரியை நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 64. முதல் எண் அந்தத் துண்டின் பெயருக்கு, கடைசி எண் அதிலுள்ள எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதற்கு. மீதி 62 எண்களைக் கணினிகளுக்குக் கொடுக்கலாம். தினமும் காலையில் பத்து கணக்கு, ஒரு நோட்டில், பேனாவால். இரண்டு மாதத்தில் கால்குலேட்டர் இல்லாமல் வந்துவிடும்.

செய்முறைக்கு, நெட்வொர்க்கைக் கணினித் திரையிலேயே கட்டிப் பழகும் பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருளை சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் இலவசமாகத் தருகிறார்கள். உங்கள் லேப்டாப்பில் 4 ஜி.பி. ராம் இருந்தால் போதும். அதே தளத்தில் அடிப்படைப் பாடங்களும் இலவசம். உங்கள் பக்கத்துப் பொறியியல் கல்லூரி எதுவும் அந்த அகாடமியில் சேர்ந்திருக்கிறதா, வெளியாட்களைச் சேர்க்கிறார்களா என்று விசாரியுங்கள். அங்கே சி.சி.என்.ஏ.வின் மூன்று பாடங்களையும் முடித்து, குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தவர்களுக்குப் பரீட்சைக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. லினக்ஸை இதோடு பக்கவாட்டில் பழகிக்கொள்ளுங்கள், பரீட்சை இப்போதைக்கு வேண்டாம். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டியூட்டோரியல் தளத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன.

பயிற்சி மையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாகப் படித்தால் பாதியில் விட்டுவிடுவேன் என்று உங்களுக்குத் தோன்றினால், வகுப்பும் கூடப் படிக்கிறவர்களும் உதவிதான். சி.சி.என்.ஏ. மட்டும், மாதாமாதம் கட்டணம், நிஜமான ஸ்விட்ச் ரூட்டர் இருக்கும் லேப் என்று பார்த்துச் சேருங்கள். ஒரு நாள் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். பாடம் எடுப்பவர் எங்கே வேலை பார்த்தவர் என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், பணம் கட்டப்போவது நீங்கள்.

ஒன்றை மட்டும் தொடவே தொடாதீர்கள். பரீட்சைக் கேள்விகள் அப்படியே கிடைக்கும் என்று டம்ப்ஸ் விற்பார்கள். சிஸ்கோ அதைக் கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்யவும், மறுபடி எழுதவிடாமல் தடுக்கவும் உரிமை வைத்திருக்கிறது. பிடிபடாவிட்டாலும் நஷ்டம்தான். அப்படிப் படித்துத் தேறிய ஒரு பையன் சில வருடம் முன்னால் என்னிடம் வந்தான். நேர்காணலில் ஒரு ஸ்விட்சையும் நீல நிற கன்சோல் கேபிளையும் கையில் கொடுத்து இரண்டு விலேன் போடச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கேபிளை எந்தத் துளையில் செருகுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டான். நல்ல பையன், கெட்டிக்காரன். கற்றுக்கொள்ளும் வாய்ப்பை அவனிடமிருந்து யாரோ காசு வாங்கிக்கொண்டு பறித்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

பத்தாயிரமும் ஒரிஜினலும்

இதில் அவசரம் ஒரிஜினல்கள்தான், பணம் அடுத்தது. கட்டணப் பாக்கிக்கு ஈடாக மாணவரின் சான்றிதழைப் பிடித்து வைக்க எந்தப் பயிற்சி மையத்துக்கும் சட்டம் உரிமை தரவில்லை. சான்றிதழ் சந்தையில் விற்கும் பொருள் அல்ல, அதை ஈடாக வைத்துக்கொள்ள முடியாது என்று கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலில் அப்பாவோடு நேரில் போய், "வேறு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஒரிஜினல் தேவை" என்று பொறுமையாகக் கேளுங்கள். வாக்குவாதம் வேண்டாம். கொடுத்துவிட்டால் அங்கேயே பிரித்து, மூன்றும் உங்களுடையதுதானா என்று பார்த்து வாங்குங்கள்.

கொடுக்கவில்லையென்றால் ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். சேர்ந்த தேதி, கட்டிய தொகை, ரசீது எண், கொடுத்த சான்றிதழ்கள், வகுப்பு தொடங்கவில்லை என்பது, நோட்டீஸில் எம்.சி.எஸ்.இ. இருப்பது, வேலை உறுதி என்று சொன்னது எல்லாவற்றையும் எழுதி, பதினைந்து நாளில் சான்றிதழையும் முன்பணத்தையும் திருப்பித் தரக் கேளுங்கள். நோட்டீஸையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். சான்றிதழுக்காக உள்ளூர்க் காவல் நிலையத்திலும் மனு கொடுக்கலாம்.

கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று யாராவது மிரட்டினால் கலங்காதீர்கள். பயிற்சி மையங்கள் கல்லூரியைப் போல அல்ல, அவற்றின் சேவைக் குறைபாட்டை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று தேசிய ஆணையம் 2020-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

முழுப் பத்தாயிரமும் வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பதிவுக் கட்டணம் என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு தருகிறோம் என்பார்கள். அந்தத் தொகை சின்னதாக இருந்து, ஒரிஜினலும் உடனே கைக்கு வந்தால், சமாதானமாக முடித்துக்கொள்வது உங்கள் நேரத்துக்கு நல்லது என்பது என் எண்ணம்.

இன்ஜினியரிங், ஆங்கிலம், அண்ணன்

சான்றிதழ் பட்டத்துக்கு மாற்று இல்லை. பி.இ. கேட்கும் இடத்தில் சி.சி.என்.ஏ.வைக் காட்டி நுழைய முடியாது. ஆனால் ஏதாவது ஒரு பட்டம் போதும், வேலை தெரிந்தால் சரி என்று சொல்லும் இடங்கள் இந்தத் துறையில் ஏராளம். அங்கே உங்கள் பி.எஸ்சி.யும் இந்த ஒரு சான்றிதழும் போதும். முதல் வேலை டெஸ்க்டாப் சப்போர்ட்டாகவோ, நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் எல்-1 எனும் முதல் நிலை ஆளாகவோ இருக்கும். பதினைந்தாயிரத்தை ஒட்டிய சம்பளத்தில்தான் பலருக்கும் தொடங்குகிறது. இரண்டு வருட அனுபவம் சேர்ந்த பிறகுதான் பேசிக் கேட்க முடியும்.

தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் நியோ டைடல் ஐ.டி. பூங்கா திறந்திருக்கிறார்கள். திருச்சி நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது. பெரிய மருத்துவமனைகள், கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் நெட்வொர்க் பார்க்க ஆள் வேண்டும். 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் அரசுத் திட்டமும் நடக்கிறது. இருந்தாலும் முதல் வேலைக்குத் திருச்சியோ கோவையோ சென்னையோ போக வேண்டி வரலாம் என்று வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். கடைசி நேரத்தில் சொன்னால்தான் சண்டை வரும்.

ஆங்கிலம் பற்றி: பரீட்சை ஆங்கிலத்தில்தான். ஆனால் அதில் வருவது ஒரு சின்னச் சொற்கூட்டம், திரும்பத் திரும்ப அதுவே வரும். வேகமாகப் படித்துப் புரிந்துகொள்ளப் பழகினால் போதும், ஏனென்றால் தாண்டிய கேள்விக்குத் திரும்பிப் போக அதில் அனுமதி இல்லை. பேச்சுக்கு ஒரு பழக்கம் சொல்கிறேன். மையத்தில் ஒரு கோளாறைச் சரிசெய்ததும், என்ன கோளாறு, எதைப் பார்த்தீர்கள், எப்படிச் சரியானது என்று மூன்று வரி ஆங்கிலத்தில் நோட்டில் எழுதுங்கள். நேர்காணலில் உங்கள் அனுபவத்தைச் சொல்ல அந்த நோட்டுதான் உதவும். இ-சேவை மைய வேலையைச் சின்னதாக நினைத்து விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். கைரேகைக் கருவி, பிரிண்டர், ரூட்டர் எல்லாம் பார்த்துக்கொண்ட மூன்று வருடம் அது.

அண்ணன் அக்கறையில் சொல்கிறார். ஷிப்ட் வேலை இந்தத் துறையில் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டில் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு பெண்ணை வேலை வாங்க அவரது எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். பாதுகாப்பும் போக்குவரத்தும் நிறுவனத்தின் பொறுப்பு. அலுவலகம், மருத்துவமனை, கல்லூரிகளில் பகல் வேலையும் இருக்கிறது. ஊரையும் நிறுவனத்தையும் அண்ணனே ஒருமுறை வந்து பார்க்கட்டும். அம்மாவிடம், சங்கிலி போகவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். ஆறேழு மாதம் படிக்க நேரம் கேளுங்கள். வேலையை விடாமல், தினம் இரண்டு மணி நேரம் படித்தால் அந்தக் காலத்துக்குள் பரீட்சைக்குத் தயாராகலாம். சம்பளத்தில் மாதம் நாலாயிரம் எடுத்து வைக்க முடிந்தால் பரீட்சைக் கட்டணத்தில் பெரும்பகுதி அதற்குள் சேர்ந்துவிடும். முடியாவிட்டால் இரண்டு மாதம் தள்ளி எழுதுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பரீட்சையை வீட்டிலிருந்தும் எழுதலாம் என்பார்கள். நம் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நேரில் மையத்துக்குப் போய் எழுதுவதே நல்லது. பதிவு செய்யும்போது பெயரைக் கவனியுங்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், அடையாள அட்டையில் அப்பா பெயர் முழுதாக என்று நம் பிள்ளைகள் பலருக்கும் இருக்கிறது. அன்றைக்கு எடுத்துப்போகும் அடையாள அட்டையில் உள்ளபடியே பதிவிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், பணமும் வராது.

ஒரிஜினல்கள் கைக்கு வந்ததும் ஒரு வரி எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள், ஆணையத்துக்கான புகார் மனுவைச் சேர்ந்து தயார் செய்வோம்.